சைக்கிளில் சுமை ஏற்றுகிறவர்களுக்கு 25 குறிப்புகள்

ஒரு ஜென்ட்ஸ் சைக்கிளின் எடை ஏறக்குறைய 20 கிலோ. அதன் கேரியரில் ஏறும் யூரியா மூட்டை 45 கிலோ. 2018 வரை அதுவே 50 கிலோவாக இருந்தது. கேஸ் சிலிண்டர் என்றால் உள்ளே 14.2 கிலோ வாயு, இரும்பின் எடை தனி. இரண்டும் சேர்ந்து 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். தன் எடையைப் போல இரண்டு மடங்கைச் சுமந்துகொண்டு போகிற வண்டி, நம் வீட்டு வண்டிகளில் இது ஒன்றுதான்.

புதுச்சேரியின் திருக்கனூர்ப் பக்கம் பைக் பெருகிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்த பைக்கை வீட்டில் ஒருவர் காலையிலேயே எடுத்துக்கொண்டு திருபுவனைக்கோ சேதராப்பட்டுக்கோ கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பள்ளிக்கூடப் பை, பால், புல்லுக்கட்டு, மல்லாட்டை மூட்டை, கொத்து வேலைச் சாமான் எல்லாம் மிச்சம் இருக்கிற சைக்கிளின் தலையில்தான் விழுகின்றன. இந்தக் குறிப்புகள் அந்தச் சைக்கிளை மிதிக்கிறவர்களுக்கு. கடைகளில் சைக்கிளுக்கென்றே விலை உயர்ந்த பைகள் விற்கிறார்கள். பழைய ட்யூபும் அரிசிச் சாக்கும் செய்யாத வேலை எதையும் அவை செய்வதில்லை என்பது என் கட்சி.

1. முதலில் முதுகுப் பையை இறக்குங்கள். பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அதாவது 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. நம் பிள்ளைகளின் பையை ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம். நடக்கிறவர் முதுகில் பை சும்மா கிடக்கும். சைக்கிள் மிதிக்கிறவர் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் அது இடமும் வலமும் ஆடி, ஆளையும் சேர்த்து ஆட்டும். சுமை உயரத்தில் இருந்தால் சைக்கிள் சாய்ந்தபின் நிமிர்த்துவது கடினம். சித்திரை வெயிலில் முதுகு நனைந்து, நோட்டும் நனையும். பை கேரியருக்குப் போகட்டும்.

2. எதை ஏற்றினாலும் கனமானது கீழே, சீட்டை ஒட்டி. மூட்டையைக் கேரியரின் பின்முனையில் வைத்தால் அது பின் ஆக்சிலைத் தாண்டி வெளியே தொங்கும். முன்சக்கரம் லேசாகித் தரையில் ஒழுங்காகப் பதியாது, ஹேண்டில் பிடிமானம் இல்லாமல் ஆடும். அதே மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளினாலே ஆட்டம் அடங்கிவிடும்.

3. கேரியரோடு வரும் ஸ்பிரிங் கிளிப் ஒரு நோட்டையோ மடித்த கோணியையோ பிடிக்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

4. ட்யூப் வார் இல்லாத கேரியர் பாதிக் கேரியர். பஞ்சர் கடையில் தூக்கிப் போடுகிற பழைய ட்யூபைக் கேட்டு வாங்குங்கள். சைக்கிள் ட்யூப் குறுகல், பைக் ட்யூப் தடிமன். டிவிஎஸ் 50 ட்யூப் கட்டுவதற்குத் தோதாக இருக்கும். வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வகுந்துகொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பவுடரை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டையில் ஏறும், அது துவைத்தாலும் சுலபத்தில் போகாது.

கட்டும் முறை இதுதான். வாரின் ஒரு முனையைக் கேரியரின் முன்கம்பியில் முடிச்சுப் போட்டு நிரந்தரமாக விட்டுவிடுங்கள். சுமையின் மேல் குறுக்காக இழுத்து, பின்கம்பிக்கு அடியில் கொடுத்து, மறுபடி எதிர்மூலைக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி தெரிய வேண்டும். வாரின் அகலம் பாதியாகச் சுருங்கும் அளவுக்கு இழுத்தால்தான் பிடிக்கும். கடைசி முனைக்கு முடிச்சு வேண்டாம், முந்தின சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். ரப்பரை ரப்பரே பிடித்துக்கொள்ளும். இறக்கும்போது ஒரே இழுப்பில் வந்துவிடும். நைலான் கயிற்றில் இந்த வசதி கிடையாது. மூட்டை குலுங்கிக் குலுங்கி உள்ளே இருப்பது அமர்ந்ததும் கயிறு தளர்ந்துவிடும். ரப்பர் கூடவே சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். வெயிலில் கிடந்த வாரில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

5. இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த கலர் ரப்பர் கயிறு சந்தையில் கிடைக்கிறது. இழுக்கும்போது கொக்கி கை தவறினால் நேராக முகத்துக்கு வரும், கண்ணைப் பதம் பார்க்கும். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஆள் இல்லாதபோது மாட்டுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

6. இரட்டைப் பை தைத்துக்கொண்டால் கேரியரின் மேற்புறம் காலியாகிவிடும். 25 கிலோ அரிசி வரும் நெய்த பிளாஸ்டிக் பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வாய்ப்பக்கத்தையும் ஒரு கெட்டித் துணிப் பட்டையால் இணைத்துத் தைத்தால், பட்டை கேரியர் மேல் படியும், பைகள் இருபுறமும் தொங்கும். பழைய ஜீன்ஸ் பேண்ட் துணி இதற்குப் போதும். தையற்கடையில் சாக்குத் தைக்கும் ஊசி இல்லையென்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், அவர் தையல்தான் நிற்கும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பையின் உட்பக்கம் சக்கரத்துக் கம்பியில் உரசக்கூடாது. கம்பி பக்கமாக ஒரு தட்டை, ஒட்டுப்பலகைத் துண்டோ பழைய பரீட்சை அட்டையோ, உள்ளே நிறுத்தி ஓரத்தில் தைத்துவிடுங்கள். இரண்டு, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக்கூடாது. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். இடித்தால் பையை நாலு விரல் பின்னே தள்ளிக் கட்டலாம். அடிமூலைகளில் ஒரு சிறு கயிறு விட்டு மட்கார்டுக் கம்பியில் முடிந்துவிட்டால் பை பறக்காது.

7. ஹேண்டிலில் பை தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம், கெட்ட வழக்கம். காய்கறிப் பை ஆடி ஆடி முன்சக்கரத்துக்குள் புகுந்தால் சக்கரம் சட்டென்று நிற்கும், ஆள் நிற்கமாட்டார். இருபக்கமும் ஒவ்வொன்று தொங்கவிட்டால் சமம்தானே என்பார்கள். திரும்பும்போது இரண்டும் ஒரே பக்கம் வீசும். முன்கூடை இருந்தால் அதில் போடுங்கள். ஆனால் கூடை கீரைக்கும் டிபனுக்கும்தான். தேங்காய் பத்துப் பதினைந்தை அதில் கொட்டினால் சைக்கிளை நிறுத்தியதும் ஹேண்டில் தானே திரும்பி வண்டி சாயும்.

8. சுமை ஏற்றும்போது ஆளுக்கு இரண்டு கை போதாது. டபுள் ஸ்டாண்டு போட்டு, ஒரு ரப்பர் துண்டால் முன் பிரேக்கைப் பிடித்துக் கட்டிவிட்டால் சைக்கிள் நகராது. மூன்றாவது கை அதுதான். வயல் வரப்பு ஓரத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு, தேங்காய் மட்டை, ஏதாவது வையுங்கள். இல்லாவிட்டால் சேற்றில் இறங்கிவிடும். இரட்டைப் பையில் ஒருபக்கத்தை முழுக்க நிரப்பிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. இறக்கும்போதும் அப்படியே.

9. சாப்பாடு. டிபன் கேரியரை ஹேண்டிலில் மாட்டினால் குழம்பு மூடி வழியாக வெளியே வருவது உறுதி. குழம்புத் தட்டை அடியிலும், சோற்றை மேலேயும் வைத்து, கிளிப் போட்டபின் சுற்றிலும் மெல்லிய ட்யூப் வளையம் ஒன்றை மாட்டுங்கள். ஒரு துண்டில் சுற்றிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். துண்டு கை துடைக்கவும் ஆயிற்று. மோரை வாய்வரை நிரப்பி மூடினால் மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கும், பாட்டிலில் மூன்று விரல் இடம் விடுங்கள்.

10. பால் கேன் விஷயம் மோருக்கு நேர் எதிர். பாதிக் கேன் பால் தளும்பித் தளும்பி ஆளைத் தள்ளும், முழுக் கேன் அசையாது. இரண்டு பெரிய கேனில் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு பாண்லே பால் சங்கத்துக்குப் போவதைவிட, இரண்டு சிறிய கேனைக் கழுத்துவரை நிரப்பி இருபுறமும் மாட்டிக்கொண்டு போவது நல்லது. ஒரு கேன்தான் என்றால் மறுபக்கம் அதே எடைக்குத் தவிடோ மாட்டுக்குக் கழனித் தண்ணீரோ தொங்கட்டும். கேனை மாட்ட வெல்டிங் கடையில் வளைத்துக் கொடுக்கும் இரும்புக் கொக்கியின் முனையில் ட்யூப் துண்டைச் செருகினால் கடகடச் சத்தமும் இருக்காது, கேனின் காதும் தேயாது.

11. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோவும் சொச்சமும். கேனைப் படுக்கப் போட்டால் உருளும். கேரியரில் நிமிர்த்தி வைத்து, கழுத்தைச் சீட்டின் தண்டோடு சேர்த்து ஒரு வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார். குடம் என்றால் கேரியர் மேல் பழைய சைக்கிள் டயர்த் துண்டைச் சும்மாடு போல வட்டமாகக் கட்டி, அதில் அடி பதியும்படி வையுங்கள். குடத்துக்குள் ஒரு சுத்தமான இலையையோ ஓலைத் துண்டையோ மிதக்கவிட்டால் தளும்பல் குறையும்.

12. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். அப்போது அங்கே ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறியவர்கள் பலர். வேறு சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். எந்தச் சைக்கிள் வாங்குவது என்று யோசிக்கும் பெண்களுக்கு நானும் அதையே சொல்வேன்: தினமும் சுமை உண்டென்றால் பார் உள்ள சைக்கிள் வாங்குங்கள். அதன் சட்டம் உறுதி, கடப்பாறை முதல் கரும்புவரை நீளமான எதையும் பாரோடு சேர்த்துக் கட்டலாம். சேலையோடு ஏறுவதுதான் சிரமம்; அதற்குச் சுடிதார் வந்துவிட்டது.

13. பிள்ளையைப் பின்னால் கேரியரில் உட்காரவைக்கும் வீடுகள் ஒரு காரியம் செய்ய வேண்டும். தூங்கி வழியும் பிள்ளையின் கால் சக்கரத்துக் கம்பிக்குள் போய்க் குதிகால் சதை கிழிவது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கம்பி வலையோ பிளாஸ்டிக் தட்டோ வைத்து மூடுங்கள், கால் வைக்க இருபுறமும் இரும்பு மிதி பொருத்துங்கள். சக்கரம் மூடப்படும்வரை பிள்ளை நடந்தே வரட்டும். பிள்ளையும் மூட்டையும் ஒரே கேரியரில் ஒருபோதும் வேண்டாம்.

14. மண்வெட்டியின் வாய் பின்னாலும் கீழ்நோக்கியும் இருக்கும்படி பாரோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டுங்கள். அரிவாள், களைக்கொத்து, ரம்பம் எதுவானாலும் விளிம்பில் பழைய டயரைப் பிளந்து உறைபோல் மாட்டினால் எதிரில் வருகிறவருக்கும் ஆபத்து இல்லை, முனையும் மழுங்காது. கொத்தனாரின் ரசமட்டம் பாரில் கட்டினால் அதிர்ந்து குமிழ் பிசகும், துணியில் சுற்றிப் பையில் போடுங்கள். கரணை, தூக்குக்குண்டு எல்லாம் ஒரே சாக்கில் கடகடவென்று போவதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். சாக்கை இறுக்கிச் சுருட்டிக் கட்டினால் அந்தச் சத்தமே இருக்காது.

15. மருந்தடிக்கும் டேங்கை வீட்டிலேயே கலந்து நிரப்பி எடுத்துப் போகாதீர்கள். 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் 16 கிலோவுக்கு மேல், அதுவும் மூடி வழியாகக் கசியும் 16 கிலோ. காலி டேங்கைக் கட்டிப் போய் வயலில் நிரப்புங்கள். மருந்து பாட்டில் தனிப் பையில், நிமிர்ந்து, சாப்பாட்டுக்கு எதிர்ப்பக்கம். அந்தப் பையில் பிறகு காய்கறி வாங்கக்கூடாது. இதற்காக ஒரு பையில் சிவப்புத் துணி தைத்து வைத்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

16. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே போக வேண்டும். கழுத்தில் நூலோடு தொங்கும் அந்த மூடியை வால்வு மேல் அழுத்திப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒற்றைச் சிலிண்டரை ஒரு பக்கக் கொக்கியில் மாட்டி ஏறி மிதிப்பது பழகினவர் வேலை, மற்றவர்கள் தள்ளிக்கொண்டு போகலாம்.

17. கரும்பையும் புல்லையும் குறுக்கே போடாதீர்கள். உங்கள் ஹேண்டிலின் அகலம்தான் உங்கள் சுமையின் அகலம். அதைத் தாண்டினால் எதிரே பைக்கில் வருகிறவர் முழங்கால் அதில் மாட்டும். பொங்கலுக்குக் கரும்புக்கட்டு கொண்டுபோகிறவர்கள் அடிப்பக்கத்தை முன்னால் வைத்துப் பாரை ஒட்டிக் கட்டினால் தோகை பின்னால் போகும். அதைத் தரையில் இழுக்கவிடாமல் மடித்து முடிந்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் மிதித்தால் உங்களுக்குத்தான் இழுபடும். புல்லுக்கட்டு பச்சையாக இருக்கும்போது கனம் அதிகம், கட்டு பெரிதாகத் தெரியாது. கொஞ்ச நேரம் வாடவிட்டு ஏற்றினால் சக்கரம் பிழைக்கும்.

18. நம் பக்கத்துக் கைவேலைகள் இரண்டு புவிசார் குறியீடு பெற்றவை: திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் வில்லியனூர்ச் சுடுமண் வேலையும். சைக்கிளில் இவை இரண்டும் இரண்டு விதமான தலைவலி. சுடுமண் கனம், விரிசல் விடும். மூங்கில் கூடையில் வைக்கோல் மெத்தை போட்டு, பொருளுக்குப் பொருள் இடையில் வைக்கோலைத் திணித்து, கூடையை உலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு நெருக்கமாக அடுக்க வேண்டும். கூடையின் அடியில் மடித்த கோணி ஒன்று, கேரியர்க் கம்பியின் அதிர்வு நேராக ஏறாமல் இருக்க. காகிதக்கூழ் பொம்மைக்கு எடையே இல்லை. அதற்குக் காற்றும் ஈரமும் எதிரி. பெரிய அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினால் எதிர்க்காற்றில் பெட்டி பாய்மரமாகிவிடும். சிறிய பெட்டிகளாகப் பிரித்து முன்னும் பின்னும் வையுங்கள். பெயிண்ட் முழுக்கக் காயாத பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றக்கூடாது, எழுத்து ஒட்டிக்கொள்ளும். மல் துணி நல்லது.

19. முட்டை உமியில் போகும். கோழி கூடையில் போக வேண்டும், மூடி போட்ட, காற்றுப் போகிற கூடை. காலைக் கட்டித் தலைகீழாக ஹேண்டிலில் மாட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே குற்றமாக்கும் இடம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், பார்க்கவே சகிக்கவில்லை.

20. மழை. ஐப்பசி கார்த்திகையில் நமக்கு மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கெல்லாம் எந்தப் பையும் ஈடு கொடுக்காது. சாதாரண மழைக்கு வழி இருக்கிறது. இரட்டைப் பையின் உள்ளே உரச் சாக்கின் உட்பை ஒன்றைக் கழுவிக் காயவைத்து நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். பொருளை அதில் வைத்து வாயைத் திருகி மடித்து ட்யூப் வளையம் மாட்டினால் தண்ணீர் இறங்காது. உர உட்பையில் சாப்பாட்டுப் பொருள் மட்டும் வேண்டாம், அதற்கு அரிசிப் பையின் உட்பை. வெளிப்பையின் அடியில் இரண்டு துளை போட்டால் தேங்கிய தண்ணீர் வெளியேறும். மேலே மூடிக்கொண்டு அடியில் குளம் கட்டும் கடைப் பைகளை நிறையப் பார்த்தாயிற்று. மழைக்கோட்டைப் பையின் அடியில் வைத்தால் அதை எடுப்பதற்குள் எல்லாம் நனைந்துவிடும், அது எப்போதும் மேலே இருக்கட்டும்.

21. டயரும் கம்பியும். ஆளும் சுமையுமாகச் சேர்ந்த எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. சுமை நாளில் பின்டயரில் காற்று கல்லாக இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தபின் டயர் தரையில் பரவித் தெரிந்தால் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கல்லில் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். சக்கரத்துக் கம்பிகளை மாதம் ஒருமுறை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருப்பதை முறுக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் முதலில் அறுவது பெரும்பாலும் ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பிதான். ஒன்று அறுந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன் பாரம் அக்கம்பக்கத்துக் கம்பிகள் மேல் ஏறி, அவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

22. சுமையோடு போகும்போது சைக்கிள் நிற்க நீண்ட தூரம் எடுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்கூட்டியே, மெதுவாகப் பிடியுங்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் முதல் பிடியில் ஒன்றும் நடக்காது, தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கட்டை பிடிக்கும். வேகத்தடையில் சீட்டைவிட்டு எழுந்து, முழங்காலை மடித்து ஏறுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருப்பார்கள். உளுந்து மேல் சுமைச் சைக்கிளைத் திருப்பினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நேராக, பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள். அறுவடை செய்தவர் திட்டுவார், திட்டட்டும்.

23. தள்ளிக்கொண்டு போவதும் ஒரு கலைதான். 1954 மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. மலைக்காட்டு வழியாக வியட்நாமியர் உணவும் வெடிமருந்தும் கொண்டு சேர்த்த வழிகளில் முக்கியமானது சைக்கிள். அவற்றில் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோ செய்த சைக்கிள்களும் இருந்தன. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் நடந்த அந்தப் போருக்குப் போய்வந்த நம் புதுச்சேரிச் சொல்தாக்களின் வீடுகளில் அந்தக் கதை இன்னும் இருக்கும்.

அந்தச் சைக்கிள்களில் ஆள் ஏறவில்லை. 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டே போனார்கள். தந்திரம் இரண்டு மூங்கில் கழியில் இருந்தது. ஒன்றை ஹேண்டிலின் இடப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள், தள்ளி நின்றபடியே திருப்பலாம். இன்னொன்றைச் சீட்டு இருக்கும் குழாயில் செங்குத்தாக நிறுத்தினார்கள், அதைப் பிடித்துத் தள்ளினால் வண்டி சாயாது. நெல் மூட்டை இரண்டைக் களத்திலிருந்து வீட்டுக்குத் தள்ளுகிறவர்களுக்கு இதே ஏற்பாடு அப்படியே உதவும். மூட்டைமேல் குனிந்து ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் கேரியரையும் எட்டிப் பிடித்து இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

24. சாலை, இருட்டு, சோதனை. மதகடிப்பட்டு வழியாகப் போகும் விழுப்புரம் நான்குவழிச் சாலையில் சுமையோடு ஏறாதீர்கள், சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் போங்கள். லாரி கடக்கும்போது வீசும் காற்றுக்கே ஹேண்டில் திரும்பும். கரும்பு டிராக்டர் வரும் மாதங்களில் இது கிராமச் சாலைக்கும் பொருந்தும். மூட்டை கட்டியதும் மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் மறைந்துவிடும். ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டையை ஒரு ட்யூப் வாரில் ஒட்டி வைத்துக்கொண்டு, மூட்டையின் பின்புறம் வரும்படி அந்த வாரைக் கடைசியாகக் கட்டுங்கள். சேலை முந்தானையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தை எட்டாதபடி இடுப்பில் செருகியிருக்க வேண்டும். நம் ஊர்களுக்கும் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் நடுவே எல்லை எங்கே போகிறது என்று ஆடுமாடுகளுக்குத் தெரியாது, சோதனைச்சாவடிக்காரருக்குத் தெரியும். மது பாட்டில் தேடுகிறவர் முன்னால் கட்டுக்குள் கட்டாக அவிழ்த்துக்கொண்டு நிற்பது பெரும்பாடு. திருவக்கரைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ போகிற நாளில் வாய் சுலபமாகத் திறக்கும் பையை மேலே வையுங்கள்.

முதல் குறிப்புக்கு ஒரு விலக்கு: முதுகில் பை போகலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற ஒரே பொருள் லேப்டாப். கேரியர் அதிர்வு அதற்கு ஆகாது. அதுகூட லேப்டாப் மட்டும்தான், அதன் சார்ஜரும் புத்தகமும் கேரியருக்கு.

25. கடைசியாக நட்டு. கேரியரின் கால்கள் பின் ஆக்சிலில் அல்லது அதன் பக்கத்து ஓட்டையில் நட்டுப் போட்டு நிற்கின்றன. சுமையின் அதிர்வில் முதலில் கழல்வது அதுதான். கழன்ற கால் சக்கரத்துக்குள் போனால் கம்பி பத்துப் பன்னிரண்டை ஒரே சுற்றில் வாரிவிடும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள், சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேனரையும் மாற்று நட்டு இரண்டையும் துணியில் முடிந்து கட்டிவையுங்கள். கேரியரில் பற்றவைப்பு விட்டிருந்தால் கம்பியால் கட்டிச் சமாளிக்காமல் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது கேரியரை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். சைக்கிளில் இருந்தபடியே பற்றவைத்தால் தீப்பொறி விழுந்து டயர் பொசுங்கும், வெல்டிங் கூலியோடு டயர் செலவும் சேரும்.